மகளின் படம் பார்க்க மூதூரிலிருந்து திருகோணமலைக்கு

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு மூதூர் பஸ் நிலையத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். நான், என் மனைவி ஸித்தி, மகள் நஸ்ரின். கடற்கரைக்குப் போய் நின்று பார்த்தால் திருகோணமலை நேரே எதிரில்தான் தெரியும். இரவில் அந்த ஊரின் வெளிச்சத்தை எங்கள் பிள்ளைகள் எண்ணி விளையாடுவார்கள். ஆனால் தரைவழியே போவதென்றால் குடாவைச் சுற்ற வேண்டும். ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர் வரும். பஸ் கட்டணம் ஆளுக்கு நூற்று எண்பது ரூபாய்.

திருகோணமலைக்குப் போவது எனக்குப் புதினமில்லை. மூதூர்ச் சந்தைப் பக்கம் சிறிய அரிசிக் கடை வைத்திருக்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது டவுனுக்குப் போவேன். அரசாங்கக் கச்சேரி தெரியும், ஆஸ்பத்திரி தெரியும், மொத்தக் கடைத் தெரு தெரியும். அருங்காட்சியகம் என்று ஒன்று இருப்பதும் தெரியும். அதன் மதிலோரம் நின்று பலமுறை பஸ் பார்த்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. நம்மூரில் பெரும்பாலானவர்கள் என்னைப் போலத்தான் என்பதால், போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. நஸ்ரின் உயர்தரப் பரீட்சையில் சித்திரப் பாடத்தில் 'ஏ' தரச் சித்தி எடுத்தாள். மட்டக்களப்பில் சித்திரக் கலை படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஓம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். நான் இரண்டையும் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பயம் இரண்டு. பெண்பிள்ளை தூரத்தில் தனியே இருக்கப் போகிறாளே என்பது ஒன்று. மற்றது, உயிருள்ளவற்றை வரைவது பற்றி மார்க்கத்தில் உள்ள கண்டிப்பு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஐந்து நேரத் தொழுகையும் ஓதலும்தான் என் படிப்பு. எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு மணிக்கூடு, ஒரு கலண்டர், கண்ணாடி போட்ட ஆயத்துல் குர்ஸி குர்ஆன் வசனம், அவ்வளவுதான். படம் என்று எதுவும் மாட்டியதில்லை. பூவும் கொடியும் கடலும் வரைந்தவரை நான் மகளைத் தடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் கடைக்கு அரிசி வாங்க வந்த தாஸிம் காக்கா, நாலு பேர் நிற்கும்போது சத்தமாகக் கேட்டார்:

"என்னடாப்பா, ஒன்ட மகள் தொழுற ஆக்கள வரஞ்சி டவுன்ல தொங்கப் போட்டிரிக்கிறாவாமே? ஒன்னையும் வரஞ்சாவாம். மெய்யா?"

எனக்கு அரிசி நிறுக்கக் கை வரவில்லை. பள்ளிக்கூடத்துச் சாந்தி டீச்சர் அவளுடைய படமொன்றை அருங்காட்சியக மேல்மாடியில் வைக்கக் கொடுத்திருந்தது எனக்குத் தெரியும். என்ன படம் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்று மாலை டீச்சர் போனில் கூப்பிட்டார். "நீங்கள் பிள்ளையை அனுப்ப மாட்டேன் எண்டு சொன்னாலும் நான் கோவிக்க மாட்டன். ஆனா ஒருக்காப் போய்ப் பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ. புதன்கிழமை பின்னேரம் திரும்பப் போன் எடுக்கிறன்" என்றார். அதுதான் இந்தப் பயணம்.

ஆறே முக்காலுக்கு பஸ் புறப்பட்டது. டிக்கட் போட வந்த கொண்டக்டர் கிண்ணியாப் பொடியன். என்னை முகம் தெரியும்.

"காக்கா, குடும்பத்தோட எங்க? ஆஸ்பத்திரிக்கா?"

"இல்ல, மியூசியத்துக்கு."

"மியூசியத்துக்கா? அங்க என்ன குடுக்கிறாங்க?"

பஸ்ஸில் முன் வரிசை முழுதும் சிரித்தது. அவனைப் பிழை சொல்லவும் முடியாது. குடும்பமாக டவுனுக்குப் போய் வரிசையில் நின்று எதையாவது வாங்கி வந்த காலம் எங்களுக்கெல்லாம் இருந்ததுதானே. "ஒண்டும் குடுக்க மாட்டாங்க, சும்மா பாக்கிறதுக்கு" என்றேன். "பாக்கிறதுக்குக் காசு குடுத்துப் போறீங்களா? சரிதான்" என்று அடுத்தவரிடம் போய்விட்டான்.

இறால்குழி, கங்கைப் பாலம், உப்பாறு என்று பாலம் பாலமாக பஸ் போனது. பாலங்கள் வருமுன் இதே பாதையில் ஒவ்வொரு துறையிலும் இறங்கிக் காத்திருந்து, பாதைப் படகில் ஏறித்தான் போனோம். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. ஸித்தி உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டு வந்தாள். தண்ணீரைக் கடக்கும்போதெல்லாம் அவளுக்கு அது பழக்கம். நஸ்ரின் ஜன்னலோரம் இருந்தாள். வீட்டை விட்டு இறங்கியதிலிருந்து அவள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. கோபமில்லை, பயம்.

சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள்ளிருந்து தலையைக் காட்டின. அவள் போனைத் தூக்கினாள். "தங்கச்சி, இதில எடுக்காதீங்க, ஆமிக்காரன் கண்டா பஸ்ஸ மறிப்பான்" என்றான் கொண்டக்டர். போனைக் கீழே வைத்தவள், ஜன்னல் கண்ணாடித் தூசியில் விரலால் அந்தத் தாங்கிகளை வட்டம் வட்டமாகக் கீறினாள். பிறகு நான் பார்ப்பதைக் கண்டு உள்ளங்கையால் அழித்துவிட்டாள்.

அப்படி அழித்தது எனக்கு என்னவோபோல் இருந்தது.

எட்டேகாலுக்கு டவுனில் இறங்கினோம். அருங்காட்சியகம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். ஒரு கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு, மூன்று மாலுபணிஸைப் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தோம். திருகோணமலைக்கு வராதவர்கள் நம்ப மாட்டார்கள், இங்கே புள்ளிமான்கள் ஆடுமாடு மாதிரித் தெருவில் திரியும். ஸித்தி மரத்தடியில் இருந்து பேப்பரைப் பிரிக்க, ஒரு கொம்பு வைத்த மான் மிக மரியாதையாகப் பக்கத்தில் வந்து நின்றது. "பாவம், பசி போல" என்று இவள் ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினாள். அது துண்டை விட்டுவிட்டுப் பேப்பரோடு மிச்சத்தைக் கவ்விக்கொண்டு நடந்தது.

"இஞ்சாருங்க, அதப் புடிங்க! மீன் பணிஸ் அது, மான் மீன் திங்குமா?"

"திங்குதே" என்றேன்.

நஸ்ரின் அப்போதுதான் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஒன்பது மணிக்கு வாசலில் நின்றோம். கடலைப் பார்த்த பழைய கட்டடம். ஒல்லாந்தர் காலத்துச் சுவர் என்று சொல்கிறார்கள். இரண்டு முழம் தடிப்பு இருக்கும். முற்றத்தில் ஆள் உயரத்துக்கு மேலான நங்கூரங்கள் கறுப்புத் தார் பூசிக் கிடந்தன. டிக்கட் உள்ளூர் ஆட்களுக்கு ஐம்பது ரூபாய். வாசலில் கதிரை போட்டு இருந்த காவலாளியின் பெயர் யோசப். பாலையூற்றுக்காரர், என் வயதுதான் இருக்கும். ஸித்தி படியடியில் செருப்பைக் கழற்றினாள்.

"அம்மா, செருப்போட வரலாம். இது கோயில் இல்ல, பள்ளியும் இல்ல."

"பரவால்ல. உள்ள நல்லாக் கூட்டி வச்சிரிக்கீங்க" என்று அவள் வெறுங்காலோடு ஏறினாள். யோசப் அந்தச் செருப்பை எடுத்துத் தன் கதிரைக்கடியில் பத்திரமாக வைத்தார். "படம் எடுக்கலாம், கதைக்கலாம். தொடத்தான் ஏலாது" என்று எங்களுக்குச் சட்டம் சொன்னார்.

கீழ்மாடியில் முதல் அறை முழுதும் துறைமுகம். ஒரு பெரிய மேசையில் குடாவைச் சிறிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். எங்கள் மூதூர்க் கரை அதில் என் சுண்டுவிரல் நகமளவு. அதைக் கண்டுபிடித்துவிட்டு ஸித்தி, "நம்மட ஊடு இந்த இடத்துல வரும்" என்று கண்ணாடிக்கு மேலே காட்டினாள், தொடாமல். சுவரில் பழைய தேசப்படங்கள். போர்த்துக்கேயன், ஒல்லாந்தன், இங்கிலீசுக்காரன், ஒவ்வொருத்தனும் இந்தக் குடாவை வேறு வேறு விதமாக வரைந்திருக்கிறான். அடுத்த அறையில் கப்பல் விளக்குகள், நாணயங்கள், கடலடியில் எடுத்த போத்தல்கள், வலையில் கட்டும் கண்ணாடி மிதவைகள், இறக்கக்கண்டிப் பக்கத்துச் சங்குகள். தமிழ் எழுத்து வெட்டிய பெரிய கற்களும் உண்டு. அந்த எழுத்துத் தமிழ்தான் என்று பக்கத்தில் எழுதியிருந்ததால் நம்பினேன். ஒரு எழுத்தும் எனக்குப் பிடிபடவில்லை.

பத்தரை மணியளவில் அந்த ஓரத்து அறைக்கு வந்தோம். அங்கேதான் அந்தக் கல் இருந்தது.

ஒரு ஆளின் மார்பளவு உயரம். கறுப்பு. மேலிருந்து கீழ்வரை அறபு எழுத்து. இப்போது நாம் ஓதுகிற வடிவமில்லை, கோணல் கோணலான பழைய வடிவம். மற்றதெல்லாம் தெரியாவிட்டாலும் மேல் வரியில் "பிஸ்மில்லாஹ்" எனக்குத் தெரிந்துவிட்டது. பல நூறு வருடங்களுக்கு முன்பு கடல் கடந்து வந்த ஒரு வியாபாரியின் மகளுடைய மீசான் கல் என்று பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தது. மீசான் கல் என்றால் எங்கள் கபுறுகளின், அதாவது அடக்கக் குழிகளின், தலைமாட்டில் நடுகிற கல். துறைமுகத்தோரம் கிடைத்ததாம்.

மகளுடையது. அந்தச் சொல்லில் நான் நின்றுவிட்டேன். எந்த ஊர்த் தகப்பனோ. எத்தனை கடல் தாண்டிக் கூட்டி வந்தானோ. கடைசியில் சொந்தம் பந்தம் இல்லாத கரையில் பிள்ளையைக் கிடத்திவிட்டு, அவள் பெயரைக் கல்லில் வெட்டுவித்துவிட்டுக் கப்பலேறியிருக்கிறான். என் பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். மட்டக்களப்பு கடல் தாண்டிய ஊரில்லை, இருந்தும் அவள் நிற்கிறாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

கபுறைக் கண்டால் ஸலாம் சொல்லாமல் போவது எங்கள் வழக்கமில்லை. சட்டைப் பையிலிருந்த தொப்பியை எடுத்துப் போட்டேன். கபுறாளிகளுக்குச் சொல்லும் ஸலாத்தைச் சொன்னேன். கையேந்தி, பாத்திஹா ஓதி, "யா அல்லாஹ், இந்தப் பிள்ளையின் கபுறை வெளிச்சமாக்குவாயாக" என்று துஆக் கேட்டேன். கண்ணை மூடியிருந்ததால் யார் வந்தது யார் போனது தெரியாது. எனக்குப் பின்னால் "ஆமீன், ஆமீன்" என்று பல குரல் கேட்டது. கண்ணைத் திறந்தால், கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், தாய், தகப்பன், மாமி என்று எல்லாரும் கையேந்தி நிற்கிறார்கள். வாசலில் யோசப்பும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நாங்கள் முகத்தைத் தடவி முடிக்கும்வரை பொறுத்திருந்து, மெதுவாகச் சொன்னார்:

"காக்கா, குறை நினைக்காதீங்கோ. இது அச்சு. அசல் கல்லு வேற இடத்தில பாதுகாப்பா இருக்கு. இது சீமெந்துச் சாந்தில வார்த்து, கறுப்படிச்சு வச்சது."

கிண்ணியாக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "அப்ப நாங்க இவ்வளவு நேரமும் சீமெந்துக்கா காக்கா ஆமீன் சொன்ன?" என்றார். அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கு வெட்கத்தில் காது சூடேறியது. தொப்பியைக் கழற்றவா விடவா என்று கை அந்தரத்தில் நின்றது.

"பேப்பரில கீழ எழுதி இருக்கு. ஒருத்தரும் அவ்வளவு தூரம் வாசிக்கிறேல்ல" என்றார் யோசப். "உங்களுக்கு மட்டும் இல்ல, போன மாசம் ஒரு ஹாஜியார் முழு யாசீனும் ஓதினவர். நான் எப்பிடி இடையில மறிக்கிறது?"

ஸித்தி மட்டும் சிரிக்கவில்லை. "இதுல வெக்கப்பட என்ன இரிக்கி? அந்தப் புள்ளைக்குத்தானே ஓதின. கல்லுக்கா ஓதின? அசலோ நகலோ, அவட பேர் அதுல இரிக்கி. அதக் கண்டு நமக்கு அவட நெனவு வந்திச்சி. போய்ச் சேர்ற இடத்துக்குப் போய்ச் சேரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நடந்தாள்.

நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அந்த அச்சை வார்த்தவர் யாரோ, எந்த மதமோ தெரியாது. எழுத்தின் ஒரு முனையும் உடையாமல் கவனமாக வார்த்திருக்கிறார். நாங்கள் யாரும் அந்தச் சாந்தை வணங்கவில்லை. அவர் வார்த்திருக்காவிட்டால், இன்று அந்தப் பெண்ணுக்கு மூதூரிலிருந்து ஒரு துஆவும் போயிருக்காது.

பதினொன்றே காலுக்கு மரப்படியில் மேல்மாடிக்கு ஏறினோம். படி கிறீச்சிட்டது. நான் முன்னால், ஸித்தியும் மகளும் பின்னால், கடைசியாக விளக்குப் போட்டுவிட யோசப். மேலே ஒரு நீண்ட மண்டபம், கடல் பக்கம் பெரிய ஜன்னல்கள். உள்ளூர்ச் சித்திரக்காரர்களின் படங்கள் இரு சுவரிலும் இருந்தன. மலைமேல் கோயில், கரைவலை இழுக்கிறவர்கள், கடற்கரை மான்கள், சீனன்குடாத் தாங்கிகள், வெருகல் பக்கத்து மீனவர் வாடிகள். மான் படத்துக்கு முன்னால் ஸித்தி, "இவன்தான்" என்றாள்.

நஸ்ரின் ஜன்னலடியில் போய் நின்றுகொண்டாள். எங்களோடு வரவில்லை. எனக்கு விளங்கிவிட்டது, படம் அடுத்த வளைவுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது.

நான் பயந்து வந்தது இதுதான். என் முகத்தை, தொழுகையில் நிற்கும் யாரோ ஒருவரின் முகத்தை, டவுன் சுவரில் காணப் போகிறேன். வீட்டிலிருந்து வரும்போதே சொல்லவேண்டியதை ஆயத்தம் பண்ணி வைத்திருந்தேன். 'மகள், நல்ல கெட்டித்தனம். ஆனா இது நமக்கு வேணாம்.' அவ்வளவுதான். சத்தம் போடுவதில்லை என்று அல்லாஹ்விடம் நேர்ந்துகொண்டு வந்தேன்.

வளைவைத் தாண்டினேன். அகலமான படம். பெருநாள் தொழுகை. எங்கள் மூதூர்க் கடற்கரைத் திடல். மேலே காலை வானம், தூரத்தில் கோடாகக் கடல், இடையில் வரிசை வரிசையாக மனிதர்கள். எல்லாம் முதுகு. ஒரு முகமும் இல்லை. வெள்ளைச் சட்டை, நீலச் சட்டை, புதுச் சாரத்தின் மடிப்புக் கலையாத கோடு, தொப்பிகள், கழுத்துகள், காதுகள். எல்லாரும் மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்த்து நிற்கிறார்கள். படத்தின் கீழ் ஓரத்தில், பின்னால் நிற்கும் பெண்களின் வரிசையிலிருந்து ஒரு முக்காட்டு நுனி மட்டும் தெரிகிறது. கீழே சிறிய அட்டையில் பெயர்: 'நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து.' மகளின் பெயரும் ஊரும்.

நான் படத்தைச் சரியாகப் பார்த்து முடிக்கவில்லை, ஸித்தி பக்கத்தில் வந்து ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"யா அல்லாஹ்! இது நீங்க!"

"எது?"

"ரெண்டாம் ஸப்புல, இடப்பக்கம் நாலாவது ஆள். தோளப் பாருங்க. ஐயோ, நான் தச்ச தையலையும் வரஞ்சிட்டாளே! வெள்ளச் சட்டைக்கு வெள்ள நூலு இல்லாம ஊதா நூலாலதானே தச்ச. ஊர் உலகமெல்லாம் பாக்கப் போகுதே!"

தொழுகையில் ஸப்பு, அதாவது வரிசை, நேராக இருக்கவேண்டும், தோளோடு தோள் சேரவேண்டும். இமாம் ஒவ்வொரு தடவையும் திரும்பி நின்று அதைத்தான் சொல்லுவார். படத்தில் அந்த வரிசை கயிறு பிடித்ததுபோல நேராகப் போகிறது. ஓரிடத்தில் மட்டும் ஒரு தோள் கீழே சரிந்திருக்கிறது. பக்கத்தில் நிற்கிறவர் அதற்கு ஏற்றமாதிரிக் கொஞ்சம் சாய்ந்து, தன் தோளைக் கொண்டுவந்து அந்தத் தோளில் சேர்த்திருக்கிறார். இடைவெளி இல்லை.

இளவயதிலிருந்து வலத்தோளில் அரிசி மூட்டை சுமந்தவன் நான். தோள் இப்படிச் சரிந்திருப்பது எனக்குத் தெரியாது. யாருக்குத்தான் தன் முதுகு தெரியும்? பக்கத்தில் நிற்கிறவர்கள் இத்தனை பெருநாளாக எனக்காகச் சாய்ந்து நின்றதும் தெரியாது.

"இது உங்கட மகள் வரைஞ்சதே?" என்றார் யோசப். "அந்த ஒரு தோளைப் பாத்து, பிள்ளைக்குக் கை தவறிட்டுதாக்கும் எண்டு நான் இவ்வளவு நாளும் நினைச்சனான். இப்ப உங்களுக்குப் பின்னால படி ஏறி வந்தனான்தானே. அச்சொட்டு!"

ஸித்தி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கண் கலங்கியிருந்ததால் சிரிக்கப் பயமாக இருந்தது. ஜன்னலடிக்குப் போனேன். மகள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முகம் ஒண்டும் இல்லியே மகள். எனக்குப் பயந்தா விட்டிங்க?"

"இல்ல வாப்பா. நாங்க நிக்கிற இடத்துல இருந்து முகம் தெரியாதே." பிறகு கொஞ்சம் துணிந்து சொன்னாள்: "சின்னப் புள்ளையில இருந்து பெருநாளண்டு நான் கண்டது இதத்தான். உம்மாட கையப் புடிச்சிட்டு நிண்டு, அவ்வளவு சனத்துக்குள்ளயும் வாப்பா எங்க எண்டு தேடுவன். தோள வச்சித்தான் கண்டுபுடிப்பன். கண்டுபுடிச்ச பொறகுதான் தொழுகைக்குத் தக்பீர் கட்டுவன்."

ஆயத்தம் பண்ணி வைத்திருந்த எதையும் நான் சொல்லவில்லை. "நல்லா இரிக்கி" என்றேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தோம். யோசப் கதிரைக்கடியிலிருந்து செருப்பை எடுத்து நீட்டினார். "அடுத்த முறை வந்தா அந்தக் கல்லுக்கு ஓதிட்டுத்தான் போகவேணும். இனி அது உங்கட பொறுப்பு" என்றார். "நீங்களும் வந்து ஆமீன் சொல்லணும்" என்றேன். "எங்கட ஆமெனும் உங்கட ஆமீனும் ஒண்டுதானே காக்கா" என்றார் அவர்.

டவுன் பள்ளிவாசலில் நண்பகல் ளுஹர் தொழுதேன். வரிசையில் நின்றதும் என் கவனம் தோளில்தான் இருந்தது. வலப்பக்கத்தில் நின்றவர் முன்பின் தெரியாத ஆள், அலுவலக உடுப்பு. இமாம் வரிசையை நேராக்கச் சொன்னதும், அவர் என்னைப் பார்க்காமலே கொஞ்சம் சாய்ந்து தோளைச் சேர்த்தார். படத்தில் இருந்தது போலவே. தொழுகையில் வேறு யோசனை கூடாது, அல்லாஹ் மன்னிக்க வேண்டும். அன்றைக்கு யோசனை வந்தது.

பள்ளிவாசலுக்கு எதிரே சோறும் பாரை மீன் கறியும் சாப்பிட்டோம். காலையில் பணிஸ் போன கவலை ஸித்திக்கு அப்போதுதான் தீர்ந்தது. இரண்டு மணி பஸ்ஸில் ஏறினோம். திரும்பும்போது வெயில் முதுகுப் பக்கம். சீனன்குடா, வெள்ளைமணல், கிண்ணியாப் பாலம். ஸித்தி தூங்கிவிட்டாள். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதையில் போகிற ஒவ்வொரு மனிதனுடைய முதுகும் அன்று என் கண்ணுக்குப் பட்டது. சைக்கிளில் மீன் பெட்டி கட்டிப் போகிறவனுடையது, குடத்தோடு போகிற பெண்ணுடையது, பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் மறைந்தது. இத்தனை வருடம் இந்தப் பாதையில் போய் வந்தும் நான் இதைப் பார்த்ததில்லை. மகள் பார்த்திருக்கிறாள்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. எங்கள் மௌலவியிடம் கேட்பேன், அவர் ஒன்று சொன்னால் மகளும் நானும் சேர்ந்து கேட்போம். ஆனால் அல்லாஹ் கொடுத்த கண்ணால் அவள் கூர்ந்து பார்க்கிறாள், கண்டதைப் பொய்யில்லாமல் வைக்கிறாள். இதைச் சொல்ல எனக்குத் தீர்ப்பு வேண்டியதில்லை. தூரத்துப் பயம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கல்லின் தகப்பனுக்கும் அது இருந்திருக்கும். இருந்தும் அவன் மகளைத் தன்னோடு கப்பலில் ஏற்றினான், அவளுக்கும் இந்த உலகத்தைக் காட்டினான்.

மூன்றரை மணிக்கு மூதூரில் இறங்கினோம். கடைத்தெருவில் தாஸிம் காக்கா நின்றார். "என்னடாப்பா, போய்ப் பாத்தியா? ஒன்னத்தான் வரஞ்சிரிக்கிறாவா?"

"ஓம் காக்கா, என்னத்தான், முதுகுப் பக்கமா. போய்ப் பாருங்க. டிக்கட் அம்பது ரூபாதான். பின் ஸப்புல நீங்களும் நிக்கிறீங்களோ தெரியா, தொப்பையால கண்டுபுடிக்கலாம்."

அவர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். "முதுகுப் பக்கந்தானே வரஞ்சிரிக்கிறா? அப்ப தெரியாது" என்றார், ஆறுதலாக.

வீட்டுப் பாதையில் திரும்பியபோது என் போன் அடித்தது. சாந்தி டீச்சர். நான் எடுக்கவில்லை. அடிக்கிற போனை அப்படியே மகளிடம் நீட்டினேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"நான் என்ன சொல்ற வாப்பா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இரிக்கத் தேவல்ல எண்டு சொல்லுங்க. வாப்பா கொண்டு வந்து உடுவாராம், தங்குற இடத்தையும் பக்கத்துப் பள்ளிவாசலையும் தானே வந்து பாப்பாராம் எண்டு சொல்லுங்க."

பின்னால் அவள் டீச்சரோடு பேசுவதும் அழுவதும் சிரிப்பதும் ஒன்றாகக் கேட்டது. ஸித்தி "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, வழக்கம்போல முன்னால் நடந்தேன். ஆனால் மகளின் கண் என் முதுகில் இருக்கும் என்ற நினைப்பு வந்ததும், எனக்குத் தெரியாமலே வலத்தோளை உயர்த்தி நிமிர்ந்தேன்.

"வாப்பா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நேராக்காதீங்க. அப்பிடியே நடங்க."

தோளைக் கீழே விட்டு நடந்தேன்.